தொண்டிக் கடலில் பிள்ளைகளை இறக்கலாமா?

காரைக்குடியிலிருந்து பேரப்பிள்ளைகளோடு தொண்டி போவதாகவும், கரையில் பழுப்பாகக் குவிந்து கிடப்பது கழிவா என்றும் கேட்டிருந்தீர்கள் ஆச்சி. கழிவு இல்லை, கடல் தாழை என்ற கடற்புல். கையில் எடுத்தால் நாடா மாதிரி இருக்கும். கடற்பசு தின்பது இதைத்தான். அந்தக் கடற்பசுவுக்காகவே தொண்டியை ஒட்டிய பாக் விரிகுடாவில் 2022இல் பாதுகாப்பகம் அறிவித்தார்கள். குவியலில் கடல் குதிரை கிடந்தால் எடுக்க விடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

சரி, குளிக்க ஆழம் குறைவுதான். ஆனால் சேற்று மணலில் திருக்கை மீன் புதைந்திருக்கும், வாலில் முள் உண்டு. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள், விலகிவிடும். முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும்.

அப்புறம் தேன்குழலைத் தூக்குச்சட்டியில் கொண்டு போங்கள். பாலிதீன் பை பறந்தால் தாழையில்தான் சிக்கும்.