பொருளாதாரம் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கே: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். செய்தியில் பணவீக்கம், ரெப்போ விகிதம் என்கிறார்கள், ஒன்றும் புரிவதில்லை. எதில் தொடங்கலாம்?
– வாசகர், விருதுநகர்

ப: காசே செலவழிக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 11, 12ஆம் வகுப்புப் பொருளியல் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேவையும் அளிப்பும் கல்லாவில் உட்கார்ந்தே உங்களுக்குப் பழகியிருக்கும், அதனால் 12ஆம் வகுப்பில் பணம், வங்கி பற்றிய பாடங்களிலிருந்தே ஆரம்பியுங்கள்.

கே: ‘புதிய பதிப்பு’ என்று போட்டிருந்ததை நம்பி மகளின் போட்டித் தேர்வுக்கு ஆன்லைனில் ஒரு பொருளாதார கைடு வாங்கினேன். உள்ளே ஐந்தாண்டுத் திட்டங்கள் போட்ட திட்டக் குழு இன்னும் இருப்பதுபோல் எழுதியிருக்கிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.
– வாசகி, ஈரோடு

ப: உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. இந்த அட்டை மாற்றும் வேலையைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. 2015 ஜனவரி 1-லேயே திட்டக் குழுவின் இடத்துக்கு நிதி ஆயோக் வந்துவிட்டது, 2017-ல் ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டோடு சேர்ந்தது, அதே ஆண்டு ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. இத்தனைக்கும் பிறகு பழைய பக்கங்களையே அச்சடித்து அட்டையில் ஆண்டை மட்டும் மாற்றி விற்கிறார்கள், மதிப்பெண் போவது பிள்ளைகளுக்கு. நான் வாங்கிய ஒன்றில் ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த வாட் விற்பனை வரிக்கு முழு அத்தியாயம், ஜிஎஸ்டிக்குக் கடைசியில் ஒட்டிய ஒற்றைத் தாள். இனி வாங்கும்போது தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள்: ‘மறுஅச்சு’ என்றிருந்தால் உள்ளே ஒன்றும் மாறியிருக்காது, ‘திருத்திய பதிப்பு’ என்றும் ஆண்டும் இருக்க வேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க ஆன்லைன் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தையும் அந்தத் திட்டக் குழுப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். விடாதீர்கள்.

கே: தள்ளுபடியில் ஆறு தடித்த ஆங்கிலப் புத்தகங்கள் வாங்கினேன். எதிலும் இருபது பக்கம் தாண்டவில்லை. ஏழாவதாக எளிமையான ஒன்று சொல்லுங்களேன்?
– வாசகர், கோவை

ப: வாங்காதீர்கள்.

கே: நடைபாதையில் பாதி விலைக்கு நகல் புத்தகம் வாங்கினேன். வரைபடங்கள் மங்கல், நடுவில் பக்கங்களும் இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், சென்னை

ப: நகல் என்று தெரிந்தே வாங்கியிருக்கிறீர்கள், ரசீதும் இருக்காது, யாரிடம் போய்க் கேட்பீர்கள்? குறுக்கும் நெடுக்குமான அச்சுக் கோடுகளில் விலை எது, அளவு எது என்றே தெரியாத வரைபடத்தை வைத்துக்கொண்டு, விலை மாறினால் வாங்கும் அளவு எப்படி மாறும் என்று காட்டும் தேவைக் கோட்டைப் படிக்க முடியாது. விலைதான் பிரச்சினை என்றால் மூர் மார்க்கெட்டில் அசல் பழைய புத்தகம் தேடுங்கள். அடிப்படைக் கோட்பாட்டுக்குப் பழைய பதிப்பே போதும். இந்தியப் பொருளாதாரம் பற்றியது மட்டும் புதிதாக இருக்கட்டும்.