உப்புக் கரைசலில் சர்க்கரைக்கு என்ன வேலை?

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. டாக்டர் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொன்னார். உறையைப் படித்தால் உப்பைவிடக் குளுக்கோஸ்தான் அதிகம். இனிப்பு வயிற்றுப்போக்கைக் கூட்டும் என்கிறார்களே, வெறும் உப்புத் தண்ணீர் போதாதா? ஒரு லிட்டர் அவனால் குடிக்க முடியாது. ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்துக் கொடுக்கலாமா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளரில் முழுப் பாக்கெட் கூடவே கூடாது. காரணம் சற்றுக் கீழே வருகிறது. அதற்கு முன் குடலின் உள்சுவரில் இருக்கும் ஒரே ஒரு செல்லைப் பார்த்துவிடுவோம்.

அதைச் சுற்றியிருக்கும் சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான். பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. தலைகள் தண்ணீர்ப் பக்கம், கொழுப்பு வால்கள் உள்பக்கம். ஆக, நடுவில் இருப்பது ஓர் எண்ணெய்ப் படலம். ஆக்சிஜன் போன்ற வாயுக்கள் அதில் தாமாகவே புகுந்து போய்விடும். உப்பால் முடியாது. கரைந்த சோடியம் மின்னேற்றம் கொண்டது, தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்து வைத்துக்கொண்டே திரியும்; அந்தக் கோலத்தில் எண்ணெய்க்குள் இடம் கிடையாது. குளுக்கோஸுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். இரண்டுக்கும் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வாசல்.

செல்லின் பின்பக்கம், அதாவது இரத்தக்குழாய்ப் பக்கம், ஒரு பம்ப் ஓயாமல் ஓடுகிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. குடலில் இருக்கும் சோடியம் உள்ளே வர முண்டியடிக்கும்.

முன்பக்கம், அதாவது குடல் பக்கம், எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் காத்திருக்கிறது. எனக்கு இந்தச் சவ்விலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்து ஒட்டினால்தான் வடிவம் மாறி உள்பக்கம் திறக்கும். சோடியம் மட்டும் வந்தால் அசையாது. உள்ளே போன சோடியத்தைப் பின்பக்கப் பம்ப் வெளியேற்ற, குளுக்கோஸ் வேறொரு வாசல் வழியே போக, இரண்டையும் பின்தொடர்ந்து தண்ணீரும் உடம்புக்குள் போகிறது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. உப்பு உள்ளே போக வேறு வழிகளும் உண்டு. ஆனால் காலரா போன்ற நோய்களில் நச்சு அவற்றில் முக்கியமான வழியை அடைத்துவிடுகிறது; கூடவே செல்லிலிருந்து உப்பின் மறுபாதியான குளோரைடைக் குடலுக்குள் கொட்டவைக்கிறது, தண்ணீரும் அதன் பின்னாலேயே வெளியேறுகிறது. எஸ்ஜிஎல்டி1 மட்டும் அப்போதும் வேலை செய்யும். அதனால் வெறும் உப்புத் தண்ணீர் பெரும்பாலும் குடலிலேயே தங்கிவிடும். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு–குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

உறையில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் என்று பார்த்துத்தானே சந்தேகம் வந்தது? எடையை விட்டுவிட்டு மூலக்கூறுகளை எண்ணுங்கள். லிட்டருக்குக் குளுக்கோஸ் 75 மில்லிமோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு). பாக்கெட்டில் இருக்கும் சோடியம் சிட்ரேட்டிலிருந்து வருவதையும் சேர்த்தால் சோடியமும் அதே 75. குளுக்கோஸ் கனமான மூலக்கூறு, அவ்வளவுதான்.

இனிப்பு வயிற்றுப்போக்கைக் கூட்டும் என்று சொன்னவர்களும் முழுக்கத் தப்பில்லை. கரைசல் இரத்தத்தைவிட அடர்த்தியாக இருந்தால் தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்குள் வரும். சவ்வூடு பரவல் அப்படித்தான். இரத்தத்தின் அடர்த்தி, அதாவது கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கை, சுமார் 290 மில்லிஆஸ்மோல், சரியாகக் கரைத்த ஓ.ஆர்.எஸ். 245. அதே பாக்கெட்டை 200 மில்லியில் கரைத்தால் ஐந்து மடங்காகி 1,200-ஐத் தாண்டிவிடும். போக்கு அதிகமாகும், இரத்தத்தில் சோடியமும் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குளிர்பானம், பாட்டில் பழச்சாறு வேண்டாம் என்பதும் இதனால்தான்.

சரி, எப்படிக் கொடுப்பது? உறையில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீரை அளந்து, முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். ஒரே மூச்சில் குடிக்க வேண்டியதில்லை, 24 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். அவனுக்கு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரையைக் குடலே குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: ஓ.ஆர்.எஸ். போக்கை நிறுத்தும் மருந்து இல்லை, இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டுவது. குடித்த பிறகும் போகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறான், குடித்தது எதுவும் தங்கவில்லை — இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.