பிள்ளை என்று தேடினால் அலமாரி நிறைய வருகிறார்கள்

பாளையங்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், இந்த முறை பேச்சு கிடையாது, கேள்வி மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். நூலகத்தில் அட்டவணைப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் என்பதால் என்னை உட்கார வைத்தார்கள். துண்டுச் சீட்டில் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் எழுதித் தரச் சொன்னார்கள். இதோ.

அண்ணாச்சி, வையாபுரிப் பிள்ளை, சேதுப்பிள்ளை, பூரணலிங்கம் பிள்ளை, கா.சு. பிள்ளை எல்லாரும் நம்ம பக்கத்து ஆட்கள்தானே. சொந்தக்காரர்களா? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

பக்கத்து ஆட்கள்தான். அதற்காக ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரா.பி. சேதுப்பிள்ளைக்கு ராஜவல்லிபுரம், பூரணலிங்கம் பிள்ளைக்கு முன்னீர்ப்பள்ளம், கா.சு. பிள்ளைக்குத் திருநெல்வேலி. தமிழ்ப் பேரகராதியை முடித்த வையாபுரிப் பிள்ளையும் இந்த ஜில்லாவில் பிறந்தவர்தான்.

வெள்ளைக்காரனுக்குக் கடைசியில் வருவது குடும்பப் பெயர். நமக்குக் கடைசியில் வருவது பட்டம். குடும்பம் எது, ஊர் எது என்பதெல்லாம் முன்னால் நிற்கும் தலைப்பெழுத்தில் இருக்கிறது. ரா.பி. என்றால் ராஜவல்லிபுரம் பிறவிப்பெருமாள். கா.சு. என்பதில் கா என்பது அப்பா காந்திமதிநாத பிள்ளை. நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயர் சேர்ந்த அந்தப் பெயரைக் கேட்டவுடனேயே ஊர் தெரிந்துவிடும், விலாசம் வேண்டாம்.

பட்டம் ஒரே சாதிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைப்பதும் சரியில்லை. இங்கே பெரும்பாலும் சைவ வேளாளர்கள்தான் போட்டுக்கொண்டார்கள். ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை யாதவர். இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ணப் பிள்ளை நம் கரையிருப்பில் 1827-ல் பிறந்து, பிறகு கிறிஸ்தவரானவர். பெயருக்கு முன்னால் ஹென்றி ஆல்ஃபிரட் வந்து சேர்ந்தது, பின்னால் இருந்த பிள்ளை போகவே இல்லை.

நூலகத்தில் தேடினால் ஒருத்தர் புத்தகம் மூன்று இடத்தில் கிடக்கிறது. எப்படித்தான் தேடுவது? (ஆய்வு மாணவர், மேலப்பாளையம்)

இதற்குப் பாதிப் பழி என்மேல் விழலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அட்டைப் பெட்டி முறைதான். நீளமான மர இழுப்பறை, அட்டைகளின் அடியில் ஓட்டை போட்டுப் பித்தளைக் கம்பி கோத்திருக்கும். எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் ஆங்கில முறை என்று எல்லாரையும் 'பிள்ளை' என்ற சொல்லுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டார். இரண்டு இழுப்பறை முழுக்கப் பிள்ளைகள். அகராதிக்காரர் பக்கத்தில் துபாஷி, துபாஷி பக்கத்தில் கிரிமினல் சட்டம் எழுதிய கா.சு. பிள்ளை. அதை இயற்பெயருக்கு மாற்றி அடுக்க எனக்கு ஒரு கோடைக்காலம் போனது, அப்படியும் எல்லாம் மாறவில்லை.

அதனால் முதலில் இயற்பெயரில் தேடுங்கள்: வையாபுரி, சேது, பூரணலிங்கம். கிடைக்கவில்லை என்றால் பிள்ளையில் தேடுங்கள். கணினியில் தேடும்போது ஒற்று உயிரை வாங்கும். 'வையாபுரிப் பிள்ளை', 'வையாபுரி பிள்ளை', 'வையாபுரிப்பிள்ளை' மூன்றும் அதற்கு மூன்று ஆட்கள். ஆங்கில எழுத்தில் கடைசி எழுத்து ஐ-யா, ஒய்-யா என்று இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 'புல்லே' என்பதுபோல எழுதி வைத்திருக்கிறார்கள், புதுச்சேரி ஆவணம் தேடுபவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. பூரணலிங்கம் பிள்ளை தமிழ் அலமாரியில் அதிகம் அகப்பட மாட்டார். அவருடைய தமிழ் இலக்கிய வரலாறும், 1928-ல் இராவணனைப் பெரிய மன்னனாகக் காட்டி எழுதிய புத்தகமும் ஆங்கிலத்தில் எழுதியவை. முன்னீர்ப்பள்ளத்துக்காரரை ஆங்கிலப் பிரிவில் போய்க் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வ.உ.சி. புத்தகங்கள் என்று கேட்டால் சுயசரிதையும் மொழிபெயர்ப்பும் மட்டும் தருகிறார்கள். வேறு இல்லையா? (ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்த ஆசிரியர்)

இருக்கிறது, ஆனால் அவர் பெயரில் இல்லை. பதிப்பித்தவர்களுக்கு நேரும் கதி இது. பழைய நூலை நூலகத்தில் மூல ஆசிரியர் பெயரில்தான் வைப்போம். 1917-ல் அவர் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார், அது திருவள்ளுவர் பெயரில் போய்விடும். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைக் கொண்டுவந்தார், அது தொல்காப்பியர் பெயரில். கப்பலும் போய், சிறையும் போய், கையில் காசில்லாத காலத்தில் செய்த வேலை இது. பொருளதிகாரப் பகுதியை அச்சேற்றியதில் வையாபுரிப் பிள்ளையும் கூட்டு. ஓட்டப்பிடாரத்துப் பிள்ளையும் பேரகராதிப் பிள்ளையும் ஒரே முகப்புப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தபோது, சொந்தம் என்று சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளைக்கும் இதே கதிதான். 1881-ல் வீரசோழியம், 1887-ல் கலித்தொகை என்று அச்சில் தந்தவர். கேட்டால் எல்லாரும் உ.வே.சா. பெயரையே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

தமிழ்ப் பேரகராதியை வையாபுரிப் பிள்ளை ஒரே ஆளாகச் செய்தாரா? (வண்ணார்பேட்டை)

இல்லை. வேலை 1913-லேயே சாண்ட்லர் என்ற மதுரை மிஷனரியிடம் தொடங்கியது. வின்சுலோவின் 1862-ஆம் வருஷ அகராதி அதற்கு அடிப்படை. நம்மவர் 1926-ல் பதிப்பாசிரியரானார். அதுவரை வக்கீல், முதலில் திருவனந்தபுரம், அப்புறம் திருநெல்வேலி. 1936-க்குள் ஆறு தொகுதிகள் முடிந்து, பின்னால் ஒரு இணைப்புத் தொகுதியும் வந்தது. இழுத்துக்கொண்டு கிடந்ததை முடித்துக் காட்டினார், அதுதான் பெரிசு.

குறளைக் கி.பி. 600 வாக்கில் வைத்தாரே என்று இன்றைக்கும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் காலக்கணிப்பு எல்லாம் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் திட்டுகிறவர் கையிலும் அவர் முடித்த அகராதிதான் இருக்கிறது.

கா.சு. பிள்ளையை ஏன் எம்.எல். பிள்ளை என்கிறார்கள்?

எம்.எல். என்ற சட்ட மேற்படிப்பு படித்தவர் அந்தக் காலத்தில் அபூர்வம் என்பதால். கல்கத்தாவில் தாகூர் பெயரிலான சட்டச் சொற்பொழிவுக்கு அழைக்கப்பட்டு, குற்றவியல் பற்றிப் பேசினார். சைவமும் இலக்கிய வரலாறும் எழுதியவரும் அதே ஆள்தான். நூலகத்தில் இரண்டு மாடியில் இருப்பார்.

வீட்டுப் பரணில் ஒரு பழைய சீட்டு கிடைத்தது. கடைசியில் கணக்கப்பிள்ளை எழுதினது என்று இருக்கிறது. முதலில் ௲௫௰௨௵ தை௴ ௭௳ என்று ஏதோ குறி. எங்கள் தாத்தா பிள்ளைமாரா? என்ன வருஷம்? (சேரன்மகாதேவியிலிருந்து வந்த அம்மா)

சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒத்திச் சீட்டு. ஓரம் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்து நன்றாக இருக்கிறது.

அம்மா, கணக்கப்பிள்ளை என்பது வேலையின் பெயர். ஊர்க் கணக்கு எழுதுபவர். அவர் உங்கள் தாத்தாவுக்காக எழுதிக் கொடுத்தவர். ஒத்தி வைத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் மேலே தனியாக இருக்கிறது, அதில்தான் உங்கள் வீட்டைத் தேட வேண்டும்.

இனி அந்தக் குறி. ௲ ஆயிரம், ௫௰ ஐம்பது, ௨ இரண்டு. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ஆக 1052-ஆம் வருஷம் தை மாதம் 7-ஆம் தேதி. இது கொல்லம் ஆண்டு. மலையாள நாட்டோடு ஒட்டிய நம் பக்கத்தில் அதுதான் வழக்கம், ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசி வரை 824 கூட்டுங்கள், ஜனவரி வந்துவிட்டால் 825. தை ஜனவரியில் பிறப்பதால் 1877.

சீட்டில் பக்கத்திலேயே 'தாது' என்றும் இருக்கிறது பாருங்கள். தாது வருஷம் 1876 சித்திரையிலிருந்து 1877 பங்குனி வரை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறது, சந்தேகமே இல்லை. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தப் பஞ்சக் காலம். நிலத்தை ஏன் ஒத்தி வைத்தார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

கிழமையும் திதியும் எழுதியிருந்தால் இன்னும் உறுதியாகப் பார்க்கலாம். அதற்கான அட்டவணைகளை 1911-ல் ஒரு புத்தகமாகப் போட்டவரும் ஒரு பிள்ளைதான், எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கத்தோலிக்கர். கோயில் கல்வெட்டுக்குத் தேதி கணிக்கிறவர்கள் அவர் அட்டவணைகளைத்தான் புரட்டுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். சீட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிடாதீர்கள். மடிப்பைப் பிரித்து, வெள்ளைக் காகிதத்தின் இடையில் தட்டையாக வையுங்கள்.

அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகப் பெயரில் ஏன் பிள்ளை இல்லை?

மனோன்மணீயம் எழுதியவர் பெ. சுந்தரம் பிள்ளை. ஆலப்புழையில் பிறந்தாலும் திருநெல்வேலியில் வாத்தியார் வேலை பார்த்தவர். 1990-ல் அவர் பெயரில் பல்கலைக்கழகம் வந்தபோது பட்டத்தை விட்டு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று ஆக்கினார்கள். தேடுபவர்கள் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். திருவாங்கூர் மன்னர்களைப் பற்றிக் கல்வெட்டுகளை வைத்து அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் பழைய பெயரில்தான் இருக்கும்.

இத்தனை பிள்ளைகளில் யாரை முதலில் படிக்கலாம்? (பத்தாம் வகுப்பு, டவுன்)

சேதுப்பிள்ளையின் ஊரும் பேரும். நல்லூர், மங்கலம், குறிச்சி, குளம் என்று ஊர்ப்பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு போவார். ஊர் வாரியாகப் பார்க்கலாம் என்பதால் நடுவிலிருந்து திறந்தாலும் படிக்கலாம். இந்த ஊரில் நகர்மன்றத்தில் இருந்தபோது, தப்பாக வழங்கிய தெருப்பெயர்களைத் திருத்தியவர் அவர். தம்பி, இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது உன் தெருவின் பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வா. அதற்கு முன்னால் என்ன பெயர் இருந்தது என்று தாத்தாவைக் கேட்டு, அதையும் எழுதிக்கொண்டு வா. அடுத்த கூட்டத்தை அதில் தொடங்கலாம்.