சமுதாய வானொலியில் அறிவித்தால் வில்லுப்பாட்டுக்கு ஆள் வருமா?

கேள்வி: கிராமத்தில் லாப நோக்கமில்லாமல் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகள் நடத்துகிறோம். நோட்டீஸ் அடித்தும் வாட்ஸ்அப்பில் போட்டும் ஆள் வருவதில்லை. சமுதாய வானொலியில் சொன்னால் பலன் இருக்குமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

செய்து பார்த்திருக்கிறேன், பலன் இருக்கிறது. ஆனால் நாங்கள் முதல் தடவை செய்த மாதிரி செய்தால் இருக்காது. அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் இருக்கிறது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருடத்துக்கு நான்கு நிகழ்ச்சி நடத்துகிறோம். வில்லுப்பாட்டு அல்லது மகுடம் என்ற பறையை அடித்துப் பாடி ஆடுகிற கணியான் கூத்து. கட்டணம் கிடையாது. செலவை நாங்களும் ஊரில் மனசுள்ளவர்களும் பங்கிட்டுக்கொள்கிறோம். இந்த இரண்டு கலைகளும் இங்கே கோயில் கொடையில்தான் உயிரோடு இருக்கின்றன. கொடை என்றால் அந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பங்களின் விழா. அடுத்த தெருக்காரர் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போவாரே தவிர, உரிமையோடு முன்னால் வந்து உட்கார மாட்டார். எல்லாத் தெருக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதனால் கோயில் திடலை விட்டுவிட்டு நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தைக் கேட்டு வாங்கினோம்.

முதல் நிகழ்ச்சிக்கு 500 நோட்டீஸ் அடித்தோம். அதில் ஒன்றைக் கொண்டுபோய்ப் பக்கத்திலிருக்கிற சமுதாய வானொலியில், அதாவது இந்த வட்டாரத்துக்கு மட்டும் கேட்கிற சின்ன எஃப்எம் நிலையத்தில், கொடுத்தோம். அவர்களும் ஒரு வாரம் தினமும் இரண்டு வேளை வாசித்தார்கள். 'மாபெரும் வில்லிசை நிகழ்ச்சி, அனைவரும் வருக, ஆதரவு தருக' என்று நோட்டீஸில் இருந்தது இருந்தபடியே. வந்தவர்கள் பதினேழு பேர். அதில் ஆறு பேர் எங்கள் வீட்டு ஆட்கள். வில்லடிக்க வந்த புலவர் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்குப் பாடுவது போலவே பாடினார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த வானொலியில் நிகழ்ச்சி தயாரிக்கிற ஒரு அக்கா இருக்கிறார். முன்பு பீடி சுற்றிக்கொண்டிருந்தவர். அடுத்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனபோது வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத வாசிச்சா யாரு வருவா? கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. அந்தப் புலவரைக் கூட்டிட்டு வாங்க, வில்ல அடிச்சுக் காட்டட்டும்" என்றார். எல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்துதான் மாறியது.

புலவர் வில்லைக் கட்டிக்கொண்டு வந்தார். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் வந்தன. இருபது நிமிடம் பதிவு. வில்லில் மணிகள் எதற்கு, வில்லை அடிக்கிற வீசுகோலைப் பிடிக்கிற விதம் என்ன, குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது அந்த 'தொம்' எப்படி வருகிறது என்று ஒவ்வொன்றாக அடித்துக் காட்டிக்கொண்டே பேசினார். அப்புறம் முத்துப்பட்டன் கதையை எடுத்தார். இந்தப் பக்கத்தில் அதைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். பிராமண இளைஞன் ஒருவன் செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டு, பூணூலை அறுத்துப் போட்டுவிட்டு, தானும் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிற கதை. பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன் என்ற சாமியாக இருக்கிறான். இன்றைக்கும் மக்கள் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை வைக்கிறார்கள். புலவர், அவன் வாலப்பகடையிடம் பெண் கேட்கிற இடம் வரைக்கும் பாடி நிறுத்திவிட்டு, "மிச்சத்த ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு நூலகத்துப் பக்கம் வந்து கேளுங்க" என்றார். அறிவிப்பு அவ்வளவுதான். அந்த ஞாயிறு 140 பேருக்கு மேல் வந்தார்கள். பாய் போதாமல் பக்கத்து வீடுகளில் வாங்கி விரித்தோம்.

முத்துப்பட்டன் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். மாட்டைக் களவெடுக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாவான், இரண்டு பெண்களும் உடன் தீப்பாய்வார்கள். தெரிந்த கதையின் மிச்சத்துக்காக எதற்கு நடந்து வந்தார்கள்? அந்தப் பாட்டைக் காதால் கேட்டதும் ஆசை கிளம்பியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது நோட்டீஸில் வராது. போஸ்டரில் வில்லைப் படமாகப் போடலாம், அதன் சத்தத்தை எப்படிப் போடுவது?

யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். முக்கூடல், ஆலங்குளம், அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் பீடி சுற்றுகிற பெண்கள் அதிகம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் நான்கைந்து பேர் சேர்ந்து, மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கைக்கு ஓய்வு கிடையாது, கண்ணும் இலை மேலேயே இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். டிவி அவர்களுக்கு உதவாது, ரேடியோதான் துணை. செல்போனில் எஃப்எம் கேட்க இயர்போன் ஒயர்தான் ஏரியல். அதைச் சொருகி ஸ்பீக்கரில் வைத்து நடுவில் போட்டுவிடுவார்கள். ஒரு போனில் ஐந்து பேர் கேட்பார்கள். காலையிலும் ராத்திரியிலும் வந்துகொண்டிருந்த எங்கள் ரேடியோ அறிவிப்பை மதியம் இரண்டரைக்கு மாற்றச் சொன்னதும் அந்த அக்காதான். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கப் போவார்கள், அன்று வில்லுப்பாட்டு வைக்காதீர்கள் என்றார். அதனால்தான் ஞாயிறு. கொடையில் போல ராத்திரி பத்து மணிக்குத் தொடங்காமல் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தோம், கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடிகிற மாதிரி. இப்போது எந்த அறிவிப்பிலும் கலைஞரின் பெயருக்கு அடுத்தபடி பஸ் நேரம்தான் வரும். "திரும்பிப் போக பஸ் உண்டு" என்ற வரிக்காகவே வந்ததாகப் பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை சனிக்கிழமை ஒலிபரப்பான அறிவிப்பில் "நாளை மாலை" என்று பேசிப் பதிவு செய்திருந்தோம். அதே பதிவு ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுஒலிபரப்பில் வந்துவிட்டது. திங்கள்கிழமை சாயங்காலம் பதினோரு பெண்கள் காலி இடத்தில் வந்து நின்றார்கள். அதில் ஒரு ஆச்சி தடியூன்றி இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தவர். "நாளைக்குன்னு ரேடியோவுல சொன்னாளே, எய்யா" என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதினோரு பேரின் வீட்டையும் விசாரித்து, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரில் போய் அழைத்தேன். அதிலிருந்து பதிவு செய்கிற எதிலும் இன்று, நாளை என்ற சொல்லே கிடையாது. கிழமை, தேதி, தமிழ் மாதம் மூன்றையும் சொல்வோம்.

மழை வந்தால் ரேடியோவைப் போல உதவி வேறில்லை. ஒரு கார்த்திகையில் மதியமே மழை கொட்டி இடமெல்லாம் சேறானது. நிகழ்ச்சியைப் பள்ளிக்கூட ஹாலுக்கு மாற்றியதை வானொலியில் மூன்று மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை சொன்னார்கள். நேராக ஹாலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

சரி, வானொலிக்காரர்கள் இதற்கெல்லாம் ஏன் நேரம் தருகிறார்கள் என்று கேட்கலாம். அவர்களுக்கும் நாம் தேவை. சமுதாய வானொலிக்கான அரசு விதிப்படி நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி அந்த வட்டாரத்து மக்களின் பங்கேற்போடு அங்கேயே தயாரானதாக இருக்க வேண்டும். சினிமாப் பாட்டுப் போட்டால் உரிமைத் தொகை கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாக வருகிற வில்லுப்பாட்டுக் கதைக்கு அப்படி யாரும் வந்து கேட்கப்போவதில்லை. இந்த நிலையங்களுக்கு வருமானமும் குறைவு. 2024 விதிமுறைப்படி மணிக்கு 12 நிமிடம்தான் விளம்பரம் போடலாம், அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய். அதனால் 'இலவசமாக விளம்பரம் போடுங்கள்' என்று கையேந்திப் போகாதீர்கள். 'உங்களுக்கு நல்ல நிகழ்ச்சி ஒன்று தருகிறோம்' என்று போங்கள்.

எட்டும் தூரம் குறைவு என்பதை மனசில் வையுங்கள். சக்தி 100 வாட், கோபுரம் 30 மீட்டருக்குள். சமவெளியில் சுமார் பத்து கிலோமீட்டர் கேட்கும். நடுவில் ஒரு பொத்தை (சின்னக் குன்று) நின்றால் அந்தப் பக்கம் வெறும் கரகரப்புதான். எங்களுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இரண்டு ஊர்களுக்குக் கிடைப்பதே இல்லை. அங்கே இன்னும் சைக்கிளில் போய்த்தான் சொல்கிறோம். ஆனால் இந்தக் குறைந்த தூரத்தில் எனக்கு வருத்தமில்லை. 1963 முதல் இருக்கிற திருநெல்வேலி ஆகாசவாணி எத்தனையோ கலைஞர்களை வளர்த்திருக்கிறது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் போன்ற ஒருவரின் வில்லுப்பாட்டு தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்ததில் வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பல மாவட்டங்களுக்குப் பேசுகிற நிலையம் நூலகத்துப் பக்கத்துக் காலி இடத்தில் பாய் விரித்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பத்து கிலோமீட்டர் வானொலியில் கேட்கிற ஒவ்வொருவரும் சாயங்காலம் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்.

அடுத்தது கலைஞர்களின் விஷயம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 'ரேடியோவில் வந்தால் உங்களுக்கும் விளம்பரம்தானே' என்று சொல்லி அவர்களைச் சும்மா பாட வைக்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பங்குனியிலிருந்து ஆவணி வரை கொடைகளில் கிடைப்பதை வைத்துத்தான் அவர்கள் மீதி மாதங்களை ஓட்டுகிறார்கள். பதிவுக்கு வருகிற நாளில் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, கூட வருகிற குடக்காரருக்கும் உடுக்கைக்காரருக்கும் போகிறது. நாங்கள் பதிவுக்கும் சம்பளம் கொடுக்கிறோம், பெரிய தொகை இல்லை, ஆனால் வெற்றிலை பாக்கோடு கையில் கொடுக்கிறோம். நோட்டீஸை 500-லிருந்து 100 ஆக்கியதில் மிஞ்சிய காசு அதற்குப் போகிறது.

எதை ஒலிபரப்பலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். கணியான் கூத்துக்காரரைப் பதிவுக்கு அழைத்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். மகுடத்தைத் தீயில் காய்ச்சி, உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களையும் சேர்த்து அடித்தபோது அந்தச் சின்ன அறையில் எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. சாமியை அழைக்கிற வரத்துப் பாட்டில் நான்கு வரி பாடுங்களேன் என்று ஆர்வத்தில் கேட்டுவிட்டேன். கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி மகுடத்தைக் கீழே வைத்தார். "தம்பி, அது விளையாட்டுக்குப் பாடுறது இல்ல. கேக்குற வீட்டுல எவளாவது சாமிகொண்டாடி இருப்பா. அடுப்படியில நிப்பா, கைப்பிள்ளையோட இருப்பா. சாமி வந்துட்டா யாரு பொறுப்பு?" என்றார். வீட்டுக்குள் போகிற சத்தத்துக்கு நாம் பொறுப்பு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அவர் கதைப் பாட்டை மட்டும் பாடினார். அதுவே போதுமாக இருந்தது. ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நேரில் வரத்தானே வேண்டும்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. மூன்றாவது நிகழ்ச்சிக்குப் பிறகு வானொலிக்குப் போன் வரத் தொடங்கியது. பத்தமடைப் பக்கத்திலிருந்து பாய் நெய்கிற ஒரு பெண் கூப்பிட்டு, தன் ஆச்சி பாடிய தாலாட்டு ஒன்று பாதி ஞாபகம் இருக்கிறது, மீதி யாருக்காவது தெரியுமா என்று கேட்டு அந்தப் பாதியைப் பாடினார். அடுத்த வாரம் மூன்று பேர் மீதியைப் பாடினார்கள், மூன்றும் வேறு வேறு மாதிரி. அவர்கள் நான்கு பேரையும் அடுத்த நிகழ்ச்சியில் புலவருக்கு முன்னால் மேடையேற்றினோம். பேத்தி பேரன்களோடு வந்த கூட்டம் அன்றைக்குத்தான் எங்களுக்கு அதிகம்.

உங்கள் பகுதியில் நிலையம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கல்லூரிகளும் வேளாண் அறிவியல் நிலையங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்துகின்றன. இருந்தால் நோட்டீஸ் அடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே போய்ப் பேசுங்கள். போகும்போது பாடுகிறவரையும் வாத்தியத்தோடு கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குப் பஸ் காசும் அன்றைய சம்பளமும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.