கப்பல் டிக்கெட் பையன் எடுத்துட்டான், ஊர் சுத்துற காசுக்கு எஃப்டியை உடைக்கணுமா?

கேள்வி: பெரம்பூர்ல இருக்கோம் சார். எனக்கு 62 வயசு, வீட்டம்மாவுக்கு 57. ரிட்டயர்டு, பென்ஷன் வருது. பையன் ஓஸ்லோல வேலைல இருக்கான், வர்ற ஜூன்ல பெர்கன்லேர்ந்து கிர்கெனெஸ் போயி திரும்பற நார்வே கடலோரக் கப்பல்ல எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டான், சாப்பாடும் அதுலயே சேர்ந்தது. ஆனா ஊர் ஊரா இறங்கிப் பாக்குற எக்ஸ்கர்ஷனுக்குத் தனியா காசு கேக்குறாங்க. நாங்க டிக் பண்ணி வச்ச ஏழும் ரெண்டு பேருக்கும் சேத்து 1,90,000 ரூபா வருது. சேவிங்ஸ்ல 1,60,000 இருக்கு, அத தொட வேணாம்னு பாக்குறேன். 5 லட்சம் எஃப்டி ஒண்ணு இருக்கு, முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு, அத உடைச்சிடலாமா? இல்ல நாங்களே இறங்கிச் சுத்தினா சமாளிக்க முடியுமா?

பதில்: எஃப்டி பக்கமே போகாதீங்க சார். முன்கூட்டியே உடைச்சா எவ்ளோ நாள் ஓடுச்சோ அந்த காலத்துக்கான வட்டிதான் குடுப்பாங்க, அதுலயும் பெனால்டின்னு அரை, ஒரு சதவீதம் கழிப்பாங்க, ரெண்டு லட்சத்துக்காக மொத்த 5 லட்சத்தோட வட்டியும் அடி வாங்கும். அப்படியே பணம் பத்தலன்னாலும் அந்த எஃப்டி மேலயே லோன் எடுத்துக்கலாம், எஃப்டி வட்டிய விட ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் அதிகம் இருக்கும். ஆனா உங்க லிஸ்டப் பாத்தா அதுக்கும் வேலை இருக்காதுன்னுதான் தோணுது, ஏன்னா ஏழுல நாலு நீங்க காசு குடுத்துப் போக வேண்டிய அவசியமே இல்லாதது.

முதல்ல இந்தக் கப்பல் எப்படிப்பட்டதுன்னு புரிஞ்சிக்கணும். சூதாட்டம், டான்ஸ்னு மிதக்குற ஹோட்டல் கிடையாது இது. 1893ல ரிச்சர்ட் வித்னு ஒரு கேப்டன் தபாலும் சரக்கும் கொண்டு போக ஆரம்பிச்ச லைன், இன்னிக்கும் ஊர் ஊரா நின்னு போற பாசஞ்சர் ரயில் மாதிரிதான் போகுது. பெர்கன் டு கிர்கெனெஸ் 34 துறைமுகம், சில ஊர்ல கால் மணி நேரம்தான் நிக்கும், சில ஊர்ல மூணு நாலு மணி நேரம். ஹூர்டிகுருட்டன், ஹவிலான்னு ரெண்டு கம்பெனி ஓட்டுறாங்க, தினம் ஒரு கப்பல் கிளம்பும். உள்ளூர் ஜனமும் பஸ் ஏறுற மாதிரி ஏறி அடுத்த ஊர்ல இறங்கிப் போவாங்க. அதனால பெரும்பாலும் கப்பல் நிக்கிற எடம் ஊருக்குள்ளயோ பக்கத்துலயோ இருக்கும், இதுதான் உங்க காசை மிச்சம் பண்ணப் போற விஷயம்.

ட்ரோண்ட்ஹெய்ம் சிட்டி டூர் 20,000 போட்டிருக்கீங்க. வேணாம். வடக்க போறப்போ அங்க சுமார் மூணு மணி நேரம் நிக்கும், கப்பல்லேர்ந்து நிடரோஸ் கதீட்ரல் நடந்தா அரை மணி நேரம், எல்லாம் சமதரை. புனித ஓலாவ் ராஜா கல்லறை மேல 1070 வாக்குல கட்ட ஆரம்பிச்ச கோயில் அது, வெளில நின்னு முகப்புச் சிலைங்களப் பாக்கவே நேரம் போயிடும், பக்கத்துலயே ஆத்து மேல பழைய சிவப்புப் பாலம், அதத் தாண்டினா மரவீட்டுத் தெரு, அவ்ளோதான் டூர்லயும் காட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை காலைல போனா பூசை நடக்கும், உள்ள சுத்திப் பாக்க விட மாட்டாங்க, அத மட்டும் தேதி பாத்துக்கோங்க.

ட்ரோம்சோ சிட்டி டூர் 18,000, அதுவும் அதே கதைதான். வடக்க போறப்போ மத்தியானம் சுமார் நாலு மணி நேரம் நிக்குது, கப்பல் ஊர் நடுவுலயே நிக்கும், துருவ வேட்டைக்காரங்க பத்தின மியூசியம் நடந்து போற தூரம், ஒரு கிலோமீட்டர் பாலத்தத் தாண்டினா ஆர்க்டிக் கதீட்ரல், 1965ல கட்டுன முக்கோண சர்ச். பாலத்து மேல காத்து சும்மா பிச்சிக்கிட்டுப் போகும், முட்டி வலி இருந்தா சிட்டி பஸ் புடிங்க.

கிர்கெனெஸ்ல ரஷ்யா பார்டர் வரைக்கும் கூட்டிட்டுப் போறதுக்கு 30,000. பார்டர்ல ஒரு போர்டு, ஒரு கேட், ஒரு போட்டோ. இது என் ரசனை, உங்களுக்கு ஆசை இருந்தா போங்க, ஆனா முப்பதாயிரத்துக்கு எனக்கு மனசு வராது. ஊருக்குள்ள ரெண்டாம் உலகப் போர்ல குண்டு மழைக்குப் பயந்து ஜனங்க ஒளிஞ்ச ஆண்டர்ஸ்குரோட்டான்னு ஒரு சுரங்கம் இருக்கு, தெறந்திருக்கான்னு பையன விட்டு கேட்டுட்டு அதப் பாருங்க.

போடோல சால்ட்ஸ்ட்ரோமன் நீர்ச்சுழலுக்கு ரப்பர் போட்ல போறது 38,000, லிஸ்ட்லயே பெரிய தொகை இதுதான். உலகத்துலயே வேகமான அலைநீரோட்டங்கள்ல ஒண்ணு, பாக்க அருமைதான், ஆனா அந்தப் போட்டு தண்ணி மேல தூக்கித் தூக்கிப் போடும் சார், முதுகு எலும்பு நம்ம வயசுல தாங்குமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவெடுங்க. கணக்குல நான் அத எடுத்துட்டேன்.

இப்போ காசு குடுத்தே போக வேண்டியது. நார்த் கேப்ங்கிற கடல் முனை 36,000. ஹோனிங்ஸ்வாக் துறைமுகத்துல கப்பல் நிக்கிறது மூணரை மணி நேரம் போல, முனை இருக்கிறது 34 கிலோமீட்டர் தள்ளி, 307 மீட்டர் உயரப் பாறை. போக முக்கால் மணி, வர முக்கால் மணி, உள்ளூர் பஸ் டைம் கப்பல் டைமோட ஒத்து வரணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல, டாக்சி புடிச்சா நார்வே ரேட்டுல மயக்கம் வரும். இங்க எக்ஸ்கர்ஷன்ல நீங்க வாங்குறது பஸ் சீட் மட்டும் கிடையாது, கப்பல்காரங்க அனுப்புன பஸ் லேட்டானா அது அவங்க தலைவலி. நீங்களா போயி லேட்டானா கப்பல் காத்திருக்காது, சரக்கு ஏத்திட்டு ஊர் ஊரா போற கப்பல் ரெண்டு பேருக்காக ஏன் நிக்கப் போகுது?

அடுத்தது வெஸ்டெரோலன் பஸ், 34,000. திரும்பி வர்ற வழில ஹார்ஸ்டாட்ல இறக்கி, வெஸ்டெரோலன் தீவுங்க வழியா பஸ்ல கூட்டிட்டுப் போயி சோர்ட்லாண்ட்ல அதே கப்பல்ல ஏத்தி விடுவாங்க. இந்த மாதிரி ஒரு ஊர்ல இறங்கி அடுத்த ஊர்ல ஏறுறத நீங்களா முயற்சி பண்ணவே பண்ணாதீங்க, சத்தியமா. ட்ரோம்சோ நடுராத்திரி கச்சேரி 14,000, அதையும் வச்சிக்கிட்டேன், தெற்க திரும்பறப்போ நிக்கிறது ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மி, நடந்து போயி கேட்டுட்டு நடந்து வர்றது ரொம்ப டைட். ஜூன்ல அங்க சூரியன் மறையாது, நடுராத்திரி வெயில்ல பாட்டுக் கேக்குறதுன்னா வீட்டம்மா வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவாங்க.

ஆக மூணும் சேத்து 84,000. கை செலவுக்கு, அதாவது மியூசியம் டிக்கெட், பஸ், எப்பவாச்சும் ஒரு காபி, 25,000 வைங்க. மொத்தம் 1,09,000, சேவிங்ஸ்ல இருக்கிற 1,60,000ல 51,000 மிச்சம். சேவிங்ஸத் தொட வேணாம்னு நீங்க நினைக்கிறது புரியுது, ஆனா மாசா மாசம் பென்ஷன் வருது, சும்மா கம்மி வட்டிக்குக் கெடக்குற பணத்த வச்சிக்கிட்டு நல்ல வட்டி வர்ற எஃப்டியை உடைக்கிறது தலைகீழ் கணக்கு. அந்த 51,000ஐ செலவு பண்ணாதீங்க, அது கப்பல விட்டுட்டா அடுத்த ஊருக்குப் பஸ்ஸோ சின்ன விமானமோ புடிச்சி துரத்திப் போறதுக்கும் ராத்திரி ரூமுக்கும். மறுநாள் அதே லைன்ல வேற கப்பல் வரும்தான், ஆனா உங்க பெட்டியும் மாத்திரையும் முந்தின கப்பல்ல போயிட்டிருக்கும். நம்ம அஜாக்கிரதைல கப்பல விட்டதுக்கு டிராவல் இன்ஷூரன்ஸ் பொதுவா காசு தராது, ஷெங்கன் விசாவுக்கு எடுக்குற 30,000 யூரோ பாலிசி ஆஸ்பத்திரி செலவுக்கு. அதனால இறங்கும்போது மாத்திரையும் பாஸ்போர்ட்டும் கையிலயே இருக்கட்டும், வாசல் பக்கத்துல போட்டிருக்கிற கிளம்புற நேரத்த போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, அதுக்கு அரை மணி முன்னாடி ஏறிடுங்க.

பணம் கட்டுற விஷயம் ஒண்ணு பாக்கி. இந்த மூணு எக்ஸ்கர்ஷனையும் பையனையே அவனோட நார்வே கார்டுல புக் பண்ணச் சொல்லுங்க. நீங்க இங்கத்த சாதாரண கிரெடிட் கார்டுல போட்டா வெளிநாட்டுப் பணத்துல கட்டுறதுக்குன்னு மூணரை சதவீதம் கூடுதல் கட்டணம் (மார்க்கப்), அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 84,000க்கு மூவாயிரத்து நானூறுக்கு மேல சும்மா போகும். காசத் திருப்பிக் குடுத்தே தீருவேன்னு நீங்க நின்னா அவனோட என்ஆர்ஓ அக்கவுண்டுல (வெளிநாட்டுல இருக்கிறவங்க இங்க வச்சிக்கிற ரூபா அக்கவுண்டு) ரூபாயாவே போட்டுடலாம், அப்பா புள்ளைக்குக் குடுக்குறதுக்கு கிஃப்ட் வரி கிடையாது. கை செலவுக்கு ஃபாரக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்த முன்கூட்டியே ஏத்தி வைக்கிற கார்டு, எடுத்தா அதுல நார்வே குரோன் ஏத்த முடியுமான்னு முதல்லயே கேளுங்க, நிறைய கார்டுல டாலர், யூரோ இருக்கும், குரோன் இருக்காது, அப்போ ரெண்டாவது தடவ மாத்துறதுக்கு இன்னொரு கட்டணம் புடுங்குவாங்க. கடைல மெஷின் ரூபாயா குரோனான்னு கேட்டா குரோன்னு அமுக்குங்க. நோட்டு மாத்தி எடுத்துட்டுப் போகவே வேணாம், அங்க கிட்டத்தட்ட எல்லாமே கார்டுதான், மீந்த குரோன் நோட்ட சென்னைல விக்கிறது பெரிய பாடு.

வெளில சாப்பிடுறதையும் குறைங்க, ஒரு காபியே நானூறு ரூபா கிட்ட வரும், மத்தியானம் கப்பலுக்கே திரும்பி வந்து சாப்பிடுற மாதிரி நடைய முடிச்சிக்கோங்க. நீங்க சைவமா இருந்தா பையன விட்டு இப்பவே கப்பல் கம்பெனிக்கு மெயில் போடச் சொல்லுங்க, ஏறின பிறகு சொல்லிக்கலாம்னு விடாதீங்க.