சாம்பல் கலந்த சிமெண்டில் வீடு கட்டலாமா? கேள்வி பதில்

கேள்வி: மேடம், அடுத்த வாரம் கான்கிரீட் தளம் போடுகிறோம். பிபிசி (PPC, போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட்) மூட்டையில் சாம்பல் கலந்திருக்கும், ஓபிசி (OPC, சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட்) 53 கிரேடுதான் வேண்டும் என்கிறார் மேஸ்திரி. சாம்பல் கலப்படம்தானே?

பதில்: கலப்படம் இல்லை சார். அனல்மின் நிலையத்தின் புகையிலிருந்து பிடித்தெடுக்கும் ஃப்ளை ஆஷ் அது. ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தரப்படி 15 முதல் 35 சதவீதம் வரை சேர்க்கலாம். சிமெண்டில் தண்ணீர் பட்டதும் சுண்ணாம்பு உபரியாக வெளிவரும். அந்த உபரிச் சுண்ணாம்பால் பலத்துக்குப் பெரிய லாபம் இல்லை. சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து, கான்கிரீட்டை இறுக்குகிற பசையாக மாற்றிவிடும். நுண்துளைகள் அடைபடுவதால் கசிவு குறையும்.

ஆனால் இது நிதானமாகத்தான் நடக்கும். 7 நாள் கியூப் டெஸ்டில் (கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பலம் பார்க்கும் சோதனை) பின்தங்கி நிற்கும், போகப்போக ஏறும். மேஸ்திரியின் பயம் இங்கேதான். மூன்று நாளில் தண்ணீர் விட்டு நனைப்பதை நிறுத்திவிட்டால் பிபிசி பலம் ஏற வழியே இல்லை. ஐ.எஸ். 456 தரம் ஓபிசிக்கு 7 நாள், கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்கிறது. 14 நாளாக நீட்டச் சொல்லிப் பரிந்துரையும் செய்கிறது. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்கள். பீமின் பக்கவாட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே ஈரச்சாக்கு சுற்றுங்கள். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்க அவசரப்படாதீர்கள்.

கேள்வி: அக்கா, பிளாக் கம்பெனியில் சாம்பல் மலிவாகக் கிடைக்குது. பிபிசியோடு இன்னும் கொஞ்சம் கலந்தால் மிச்சம்தானே?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த மூட்டையில் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறது. கூடுதலாகக் கலப்பதெல்லாம் கான்கிரீட்டைக் கலந்தே அனுப்பும் ரெடிமிக்ஸ் பிளாண்டில், ஓபிசியோடு, ட்ரையல் மிக்ஸ் (சோதனைக் கலவை) போட்டுப் பார்த்துச் செய்ய வேண்டியது.

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடலோரமாகக் கட்டுகிறோம். ஸ்லாக் சிமெண்ட் ஒத்துவருமா?

பதில்: கடலோரத்துக்கு என் முதல் தேர்வு அதுதான். இரும்பு உலையில் உருகி வழியும் கசடைத் தண்ணீர் பாய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து அரைத்த பொடி அதில் இருக்கிறது. தானாக ஆறவிட்ட கசடு ஜல்லிக்குத்தான் ஆகும். உப்பு உள்ளே இறங்குவதை ஸ்லாக் நன்றாகத் தடுப்பதால் கம்பி துருப்பிடிப்பது தள்ளிப்போகும். பலகை பிரித்ததும் கான்கிரீட் சில சமயம் நீலப்பச்சையாகத் தெரியும். பயப்படாதீர்கள், காற்றுப் பட்டால் வெளுத்துவிடும்.

கேள்வி: எங்கள் ரைஸ் மில்லில் உமிச்சாம்பல் மலையாகக் குவிகிறது. சிமெண்டுக்குப் பதில் போடலாமா?

பதில்: அப்படியே போட முடியாது ஐயா. உமியை 700 டிகிரிக்கு மேல் போகாமல் சீராக எரித்து, நைஸாக அரைத்தால் சிமெண்டோடு சேர்க்க அருமையான பொருள். பாய்லரில் அதிக சூட்டில் எரிந்தது படிகமாகி மந்தமாகிவிடும். கருப்பாக இருந்தால் எரியாத கரியும் மிச்சம், அது தண்ணீரைக் குடிக்கும். முதலில் லேப் டெஸ்ட்.

கேள்வி: சிமெண்டுக்குப் பதில் மார்பிள் பவுடர் போடலாமா?

பதில்: இடைவெளியை நிரப்பும், அவ்வளவுதான்.

கேள்வி: மேடம், சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். எல்சி3 (LC3, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்தது) சிமெண்டில் புராஜெக்ட் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யம்மா. பாதி கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும் சிமெண்ட் உருண்டை), 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சுண்ணாம்புக்கல், 5 ஜிப்சம் என்பது வழக்கமான கலவை. கிளிங்கருக்கு 1,450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 800 சுமார் போதும். கரியமில வாயு குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். சென்னை ஐஐடியில் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது, 2023-இல் ஐ.எஸ். 18189 தரமும் வந்துவிட்டது. சுட்ட களிமண் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) சீக்கிரம் விழும். கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் மருந்தின் அளவை முதலில் பிடித்துக்கொள், கியூப் வார்ப்பது அப்புறம்.