196-க்கு பூஜ்யம், ஆனாலும் தோற்றது

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): சார், உச்ச நீதிமன்ற நீதிபதியை இம்பீச் செய்ய முடியுமா?

முடியும்மா. ஆனால் அரசியல் சட்டத்தில் அந்தச் சொல் குடியரசுத் தலைவருக்குத்தான். நீதிபதிக்குப் ‘பதவி நீக்கம்’. வக்கீல்கள் நாங்களே இம்பீச்மென்ட் என்றுதான் பேசிக்கொள்வோம், விடுங்கள். நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை, அல்லது இயலாமை. காரணம் இந்த இரண்டுதான். மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட்டு நோட்டீஸ் தர வேண்டும். சபாநாயகர் அல்லது மாநிலங்களவைத் தலைவர் ஏற்றால் மூவர் குழு விசாரிக்கும். குற்றமில்லை என்று குழு சொன்னால் அத்தோடு சரி. நிரூபணம் என்றால் தீர்மானம் அவையில் ஓட்டெடுப்புக்கு வரும்.

கேள்வி: ஏற்காவிட்டால்?

வாசலோடு போய்விடும். 2018-ல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா மீதான நோட்டீஸை அப்போது மாநிலங்களவைத் தலைவராக இருந்த வெங்கய்ய நாயுடு ஏற்கவில்லை.

கேள்வி (மதுரை வாசகர்): ஐயா, நீதிபதி வி. ராமசாமி விஷயத்தில் என்னதான் நடந்தது? நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர்தான். பஞ்சாப்–ஹரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது சண்டிகர் வீட்டுக்கு மேஜை நாற்காலி, கம்பளம் என்று அரசுப் பணத்தில் செய்த செலவுதான் பிரச்சினை. புகார் கிளம்பியபோது அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். குற்றச்சாட்டுகள் 14, அதில் 11 நிரூபணம் என்றது குழு. 1993 மே மாதம் மக்களவையில் வக்கீல் கபில் சிபல் அவருக்காக மணிக்கணக்கில் வாதாடினார். அப்புறம் ஓட்டெடுப்பு. அவரை நீக்கும் தீர்மானத்துக்கு ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. காங்கிரஸும் தோழமைக் கட்சிகளுமாக 205 பேர் ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இதில்தான் சூட்சுமம். ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் வேண்டுமே! 272-ஐத் தாண்டியிருக்க வேண்டும், 196 எங்கே? ‘வேண்டாம்’ என்று ஒருவர்கூடச் சொல்லாமலே தீர்மானம் செத்தது. 1994-ல் ஓய்வு பெறும்வரை அவர் பதவியில் இருந்தார். அந்த 205 பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால்கூட எனக்கு மரியாதை இருந்திருக்கும்.

கேள்வி: நடுவில் ராஜினாமா செய்துவிட்டால்?

2011-ல் கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் அப்படித்தான் செய்தார். மாநிலங்களவை தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. மக்களவையில் எடுப்பதற்குள் கடிதம் கொடுத்துவிட்டார்.

கேள்வி: தீர்ப்பு தப்பு என்று நீக்கலாமா?

கூடாது தம்பி. அதற்குத் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு இருக்கிறது.